லிஃப்ட் கிட் என்றால் என்ன? ஒரு எஃப்-250 அடியில் படுத்துப் பார்ப்போம்

ஃபோர்டு எஃப்-250, எஃப்-350 பிக்கப் வண்டிகளை அமெரிக்காவில் ‘சூப்பர் டியூட்டி’ என்பார்கள். 1999 மாடலில் தொடங்கிய வரிசை இது. மாடு ஏற்றிய டிரெய்லரை இழுப்பது, வெல்டிங் மெஷினைச் சுமந்துகொண்டு கட்டுமான இடத்துக்குப் போவது, குளிர்காலத்தில் முன்னால் பிளேடு மாட்டிப் பனியைத் தள்ளுவது என்று முரட்டு வேலை எதுவானாலும் இந்த வண்டி நிற்கும். இதே வண்டியை ஏறி உட்காரவே படி தேவைப்படுகிற உயரத்தில், ஆளுயரத்தில் பாதி இருக்கும் டயர்களோடு வீடியோக்களிலும் பார்த்திருப்பீர்கள். அந்த உயரத்தைத் தருவதுதான் லிஃப்ட் கிட்.

நீளமான ஸ்பிரிங் போட்டால் வண்டி உயரும், அவ்வளவுதானே என்று கேட்பவர்கள் உண்டு. உயர்வது என்னவோ உண்மைதான். ஆனால் நல்ல கிட் ஒன்றின் பெட்டியைத் திறந்தால் ஸ்பிரிங்கைவிடப் பிராக்கெட்டும் ராடும் போல்ட்டும்தான் அதிகம் இருக்கும். உயர்த்தியதால் கெட்டுப்போன கோணங்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் அவற்றின் வேலை. எந்தக் கோணம் ஏன் கெடுகிறது என்று தெரிந்துவிட்டால், எந்தக் கிட்டில் எது குறைகிறது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

முதலில் அடிப்பாகத்தைப் பார்த்துவிடுவோம். இந்த வண்டிகளின் ஃபோர் வீல் டிரைவ் மாடல்களில் முன்னும் பின்னும், ஒரு சக்கரத்திலிருந்து மறுசக்கரம் வரை ஒரே துண்டாக ஓடும் திடமான ஆக்ஸில்தான். பின்பக்கம் லாரிகளில் பார்க்கிற மாதிரி லீஃப் ஸ்பிரிங் கட்டு. முன்பக்கமும் 2004 வரை லீஃப் ஸ்பிரிங்தான். 2005 மாடலிலிருந்து காயில் ஸ்பிரிங் வந்தது. நான் சொல்லப்போவது 2005க்குப் பிந்தைய அமைப்பைப் பற்றி. செவர்லே சில்வராடோ 2500எச்டியில் முன்சக்கரங்கள் தனித்தனியாக அசையும், அங்கே ஸ்பிரிங் வேலையை டார்ஷன் பார் செய்யும். அது வேறு கதை.

உயர்த்தினால் எது உயர்கிறது?

திடமான ஆக்ஸில் உள்ள வண்டியில் ஸ்பிரிங்கை எவ்வளவு நீளமாக்கினாலும் ஆக்ஸில் ஓர் இம்மி கூட உயராது. அது டயரின் நடுவில் இருக்கிறது. டயர் எங்கேயோ அங்கேதான் அதுவும். ஸ்பிரிங் உயர்த்துவது சேசிஸையும் அதற்கு மேலே உள்ளதையும் மட்டும். வண்டியில் தரைக்கு மிக அருகில் தொங்குவது டிஃபரன்ஷியல் உருண்டை, அதாவது ஆக்ஸிலில் கியர்கள் இருக்கும் புடைப்பு. கல்லில் இடிப்பதும் அதுதான். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். அதிலும் விட்டத்தில் கூடுவதில் பாதிதான் கிடைக்கும்: 33 இன்ச் டயரை எடுத்துவிட்டு 35 இன்ச் போட்டால் டிஃபரன்ஷியல் ஓர் இன்ச் உயரும்.

அப்படியானால் ஸ்பிரிங் எதற்கு? அந்தப் பெரிய டயர் ஃபெண்டரில் உரசாமல் திரும்பவும், மேலும் கீழும் போகவும் இடம் வேண்டும். சேசிஸ் நடுவில் மேடு தட்டாமல் தாண்டுவதும், பள்ளத்தில் இறங்கும்போது பம்பர் தப்பிப்பதும் கூடுதல் பலன். ஆகவே தொடங்க வேண்டிய கேள்வி, எத்தனை இன்ச் டயர் வேண்டும் என்பது. அதிலிருந்து எத்தனை இன்ச் லிஃப்ட் என்று கணக்குப் போடுவார்கள். நேர்மாறாக, எட்டு இன்ச் கிட்டை வாங்கிவிட்டு அப்புறம் டயர் தேடுவது பணத்துக்குக் கேடு. வேலைக்குப் போகும் வண்டிக்கு இரண்டரை முதல் நான்கு இன்ச்சுக்கு மேல் தேவைப்படுவது அபூர்வம் என்பது என் கருத்து.

(பாடி லிஃப்ட் என்றும் ஒன்று உண்டு. சேசிஸுக்கும் கேபினுக்கும் நடுவே கட்டை வைத்துக் கேபினை மட்டும் உயர்த்துவது. சஸ்பென்ஷனுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.)

முன்பக்கம்: காஸ்டர்

முன் ஆக்ஸிலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கனமான இரும்புக் கை பின்னோக்கிப் போய் சேசிஸில் மாட்டியிருக்கும். ரேடியஸ் ஆர்ம் என்பது அதுதான். ஆக்ஸில் முன்னும் பின்னும் ஓடிவிடாமல் பிடித்துக்கொள்வது இதன் வேலை. ஆக்ஸில் பக்கம் இது இரண்டு போல்ட்டில் இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்கும், சேசிஸ் பக்கம் ஒரே ரப்பர் புஷ்ஷில் சுழலும். இப்போது சேசிஸை உயர்த்துங்கள். கையின் பின்முனை சேசிஸோடு மேலே போகும். கையும் ஆக்ஸிலும் ஒன்றாகப் பிணைந்திருப்பதால், கை சாய்கிற அளவுக்கு ஆக்ஸிலும் முன்பக்கமாக உருளும்.

கை ஒரு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இன்ச் உயர்த்தினால் கை கிட்டத்தட்ட ஒன்றரை டிகிரி சாயும். நான்கு இன்ச்சுக்கு ஆறு டிகிரி. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் சக்கரம் எந்த அச்சில் இடமும் வலமும் திரும்புகிறதோ அந்த அச்சு, மேல்முனை சற்றுப் பின்னால் சாய்ந்தபடி இருக்க வேண்டும். அந்தச் சாய்வுக்குப் பெயர் காஸ்டர். ஆலையிலிருந்து வரும்போது இருப்பதே சில டிகிரிதான். அதில் ஆறைக் கழித்தால் மிஞ்ச ஒன்றும் இருக்காது, எதிர்ப்பக்கமும் போகலாம்.

ஓடுகிற சைக்கிளில் ஹேண்டிலை விட்டாலும் அது நேராகப் போவதற்கு முன் ஃபோர்க்கின் சாய்வு எப்படி உதவுகிறதோ, அதே வேலையைத்தான் காஸ்டரும் செய்கிறது. அது போனால் வண்டி சாலையில் அலையும். ஸ்டீயரிங்கைத் திருப்பிவிட்டு விட்டால் தானாக நடுவுக்கு வராது. நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் தோள்பட்டை வலிக்கும், ஏனென்று புரியாது.

இதைச் சரிசெய்ய மூன்று வழி. கையின் பின்முனையைப் பிடிக்கும் பிராக்கெட்டை, வண்டியை எவ்வளவு உயர்த்தினோமோ ஏறக்குறைய அந்த அளவுக்குக் கீழே இறக்குவது ஒன்று. கோணம் பழையபடி ஆகிவிடும், சவாரியும் நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பிராக்கெட் இப்போது கீழே தொங்கும், கல்லில் மாட்டும். காஸ்டரைத் திருத்தியபடி செய்த புது ரேடியஸ் ஆர்ம் போடுவது இரண்டாவது வழி; விலை அதிகம், இடைஞ்சல் குறைவு. இரண்டு இரண்டரை இன்ச் மட்டுமே உயர்த்துகிறவர்களுக்கு சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனையில் உள்ள பால் ஜாயிண்டைச் சுற்றியிருக்கும் ஸ்லீவை மாற்றினாலே போதும். அது மையம் விலகியபடி செய்யப்பட்டிருப்பதால் ஒன்றிரண்டு டிகிரியை மீட்டுத்தரும். நான்கு இன்ச் கிட்டில் இந்த மூன்றில் ஒன்றுமே இல்லையென்றால் அந்தக் கிட்டை வாங்க வேண்டாம்.

முன்பக்கம்: குறுக்கே போகும் இரண்டு ராடுகள்

வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து அடியில் எட்டிப் பார்த்தால், இடமிருந்து வலமாகச் சாய்ந்து போகும் இரண்டு ராடுகள் தெரியும். ஒன்று பான்ஹார்டு ராடு. ஒரு முனை சேசிஸில், மறுமுனை ஆக்ஸிலில். ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது இதுதான். மற்றது டிராக் லிங்க்: ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து இறங்கும் பிட்மேன் ஆர்மில் தொடங்கி, எதிர்ப்பக்கச் சக்கரத்தின் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கி அதோடு திரும்பும் பாகம்) வரை போகும்.

பான்ஹார்டு ராடின் நீளம் மாறாது. வண்டியை உயர்த்தினால் அது இன்னும் செங்குத்தாகும். செங்குத்தானால் அதன் கிடைநீளம் குறையும். ஆக்ஸில் ராடு மாட்டியிருக்கும் சேசிஸ் பக்கம் இழுபடும். எவ்வளவு? ராடு 850 மில்லிமீட்டர், இரு முனைகளுக்கும் உள்ள உயர வித்தியாசம் 100 மில்லிமீட்டர் என்று வையுங்கள். நான்கு இன்ச் உயர்த்தினால் வித்தியாசம் 200 ஆகும். பிதாகரஸ் கணக்கைப் போட்டால் ஆக்ஸில் 18 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் முன்சக்கரம் ஒருபக்கம் ஃபெண்டரைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டும், மறுபக்கம் உள்ளே ஒடுங்கியும் தெரியும்.

நீளத்தை மாற்றக்கூடிய ராடு போட்டால் ஆக்ஸில் நடுவுக்கு வந்துவிடும். பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதைவிட முக்கியமானது இந்த இரண்டு ராடுகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பது. சக்கரம் மேட்டில் ஏறி இறங்கும்போது இரண்டு ராடுகளின் முனைகளும் ஒரே மாதிரி வளைவில் போனால் ஸ்டீயரிங்குக்கு ஒன்றும் தெரியாது. ஒன்று ஒரு கோணத்திலும் மற்றது வேறு கோணத்திலும் இருந்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் டிராக் லிங்க் சக்கரத்தைத் தள்ளும் அல்லது இழுக்கும். நீங்கள் கையை அசைக்காமலே வண்டி திரும்பும். பம்ப் ஸ்டீர் என்பார்கள் இதை. ஆகவே கீழே இறங்கிய பிட்மேன் ஆர்ம் போட்டால், பான்ஹார்டு ராடின் சேசிஸ் பிராக்கெட்டும் அதே அளவுக்கு இறங்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை விடுவது, இரண்டையும் விடுவதைவிட மோசம்.

இன்னொன்று, ‘டெத் வாபிள்’. திடமான முன் ஆக்ஸில் உள்ள வண்டிகளில் மணிக்கு 80 கிலோமீட்டர் வாக்கில் பாலத்து ஜாயிண்ட்டிலோ பள்ளத்திலோ சக்கரம் தட்டியதும், முன்பக்கம் முழுக்க இடமும் வலமுமாக வெறிபிடித்தது போல் உதறும். வேகத்தைக் குறைத்து ஏறக்குறைய நிறுத்தினால்தான் அடங்கும். லிஃப்ட் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே தேய்ந்திருக்கும் பான்ஹார்டு ராடு புஷ், ஆடும் பால் ஜாயிண்ட், முட்டைவடிவமாகிவிட்ட போல்ட் ஓட்டை, பேலன்ஸ் இல்லாத கனமான டயர் இவை எல்லாம் சேர்ந்து வருவது. உயர்த்திய வண்டியில் அந்தத் தேய்மானம் சீக்கிரம் வெளியே வருகிறது. இதற்கு மருந்து என்று, ஷாக் அப்சார்பர் போல அதிர்வை அடக்கும் ஸ்டீயரிங் ஸ்டெபிலைசரை விற்பார்கள், ஒன்று போதாவிட்டால் இரண்டு என்பார்கள். அது உதறலை மறைக்கும், ஆடும் பாகத்தை இறுக்காது. எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கைச் சற்றே இடமும் வலமும் ஆட்ட, இன்னொருவர் அடியில் பான்ஹார்டு ராடின் முனையில் விரலை வைத்துப் பார்த்தால் போதும். அங்கே ‘டக் டக்’ என்று தட்டினால் லிஃப்ட் கிட்டுக்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும். வண்டி ஹேண்ட் பிரேக்கில், சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிற்கட்டும்.

பின்பக்கம்: பிளாக்கா, புதுக் கட்டா

பின்னால் ஆக்ஸிலுக்கு மேலே லீஃப் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்பு அல்லது வார்ப்புக் கட்டை வைத்தால் வண்டி உயர்ந்துவிடும். பிளாக் என்பது இதுதான். ஃபோர்டே ஆலையில் பிளாக் வைத்துத்தான் அனுப்புகிறது. எஃப்-350க்கு எஃப்-250ஐவிட உயரமான பிளாக். அதனால் எஃப்-350 பிளாக்கை வாங்கி எஃப்-250க்குப் போடுவது அங்கே நெடுநாளாக நடக்கும் சிக்கன வழி.

பிளாக்கில் இரண்டு விதி உண்டு. முன் ஆக்ஸிலில், அதாவது திரும்பும் ஆக்ஸிலில், பிளாக் வைக்கவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது நழுவினால் ஸ்டீயரிங் கைவிட்டுப் போகும். அதேபோல் ஒரு பிளாக்கின்மேல் இன்னொன்றை அடுக்கக் கூடாது. உயரம் போதாதென்றால் உயரமான ஒரே பிளாக்.

உயரமான பிளாக்குக்கு ஒரு விலையும் உண்டு. எஞ்சினின் முறுக்கு சக்கரத்தை முன்னே திருப்பும்போது, ஆக்ஸில் எதிர்த்திசையில் உருளப் பார்க்கும். அதைத் தடுப்பது லீஃப் ஸ்பிரிங் மட்டும். பிளாக் உயர உயர ஆக்ஸிலுக்குக் கிடைக்கும் நெம்புகோல் நீளமாகிறது. ஸ்பிரிங் எஸ் வடிவில் வளைந்து, பட்டென்று விடுபட்டு, மறுபடி வளையும். டிரெய்லரோடு ஏற்றத்தில் கிளம்பும்போது பின்சக்கரம் துள்ளுவதற்கு இது ஒரு காரணம். டீசல் எஞ்சின் முறுக்குக்கு இது சீக்கிரம் தெரியும். அதிக உயரம் வேண்டுமென்றால் வளைவு கூடிய புது ஸ்பிரிங் கட்டு போடுவது நல்லது. இல்லாவிட்டால் ஆக்ஸிலையும் சேசிஸையும் இணைக்கும் டிராக்‌ஷன் பார் சேர்க்க வேண்டும். பழைய கட்டில் ஒரு பட்டையைக் கூட்டுவது மலிவு. உயரமும் வரும், பாரமும் தாங்கும், காலி வண்டி மட்டும் கட்டை வண்டியாகக் குதிக்கும்.

மாட்டும்போது கவனிக்க ஒரு சின்ன இடம். கட்டின் நடுவே எல்லாப் பட்டைகளையும் கோத்துப் போகும் சென்டர் போல்ட்டின் தலை, கீழே உள்ள ஓட்டையில் கச்சிதமாக உட்கார வேண்டும். பிளாக் வைத்தால் அதன் மேலே ஓட்டையும் கீழே முளையும் இருக்கும். ஜாக்கி மெதுவாக ஏறும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். முளை விளிம்பில் ஏறி நிற்பது தெரியாமல், ஸ்பிரிங் கட்டையும் ஆக்ஸிலையும் சேர்த்துக் கவ்வும் யூ போல்ட்டை இறுக்கிவிட்டால், ஆக்ஸில் கோணலாகி வண்டி நண்டுபோல் ஓடும், அல்லது ஒருநாள் முளை ஒடியும். யூ போல்ட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும். ஒருமுறை இறுக்கியதில் நீண்டுவிட்ட போல்ட் மறுபடி அதே பிடி பிடிக்காது.

நீள வேண்டிய மற்றவை

சேசிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஓடும் எதுவாயினும் போதுமான நீளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், ஆக்ஸிலின் காற்றுக்குழாய். ஆக்ஸில் முழுதாகத் தொங்கும்போது ஹோஸ் இழுபடாமல், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுசாகத் திருப்பினாலும் டயரில் உரசாமல் இருந்தால் சரி.

ஷாக் அப்சார்பர் நீளத்தை ஊகித்து வாங்காதீர்கள். ஆக்ஸில் தொங்கும்போது ஷாக் முழு நீளத்துக்கு வந்து நின்றுவிடக் கூடாது. ஆக்ஸில் மேலே ஏறி, பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பில் முட்டும்போது ஷாக் உள்ளே அடித்துக்கொள்ளவும் கூடாது. பெரிய டயர் ஃபெண்டரில் இடிக்கும் முன்பே பம்ப் ஸ்டாப் தடுக்க வேண்டும் என்பதால் அதையும் கீழே இறக்குவார்கள்.

எஞ்சினின் முறுக்கைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், நீளமான வண்டிகளில் இரண்டு துண்டாக, நடுவே சென்டர் பேரிங்கோடு இருக்கும். ஆக்ஸில் கீழே போனதும், ஷாஃப்ட் வளைந்து கொடுக்கும் இடங்களான யுனிவர்சல் ஜாயிண்டுகளின் கோணம் கூடும். இரு முனைக் கோணமும் சமமாக இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு அதிர்வு வரும். கிளம்பும்போது இருக்கைக்கு அடியில் ‘திடுதிடு’ என்றால் இதுதான். சென்டர் பேரிங்கைச் சற்று இறக்கும் தகடோ, ஆப்பு வடிவப் பிளாக்கோ சரிசெய்யும்.

இது வேலைக்குப் போகும் வண்டி

கண்காட்சி வண்டிக்கும் வேலை வண்டிக்கும் உள்ள வேறுபாடு பாரத்தில் இருக்கிறது. ஆலையிலிருந்து வரும் எஃப்-250 சற்று மூக்கைத் தாழ்த்தி, பின்பக்கம் தூக்கியே நிற்கும். பாரம் ஏற்றினால் சமமாவதற்காக அப்படி வைக்கிறார்கள். முன்பக்கத்தை மட்டும் உயர்த்திச் சமமாக்கும் ‘லெவலிங் கிட்’ அழகாகத்தான் இருக்கும். ஆனால் டிரெய்லர் மாட்டியதும் பின்பக்கம் இறங்கி, ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். முன்னே இரண்டரை இன்ச் என்றால் பின்னே ஓர் இன்ச்சாவது உயர்த்துவது நல்லது. ஹெட்லைட்டையும் பாரத்தோடு வைத்துத் திருத்த வேண்டும்.

ஸ்பிரிங் வாங்கும்போது எந்த எஞ்சின் என்று கேட்பார்கள். டீசல் எஞ்சின் பெட்ரோலைவிடக் கனம்; அதற்கான ஸ்பிரிங்கைப் பெட்ரோல் வண்டியில் போட்டால் சொன்னதைவிட உயரமாக நிற்கும், முதுகையும் உடைக்கும். கருவிப் பெட்டி, பனி பிளேடு எல்லாம் நிரந்தரமாக இருக்கும் வண்டி என்றால் அவற்றோடு எடைமேடையில் ஏற்றி, முன் ஆக்ஸில் எடை, பின் ஆக்ஸில் எடை இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டு ஸ்பிரிங் கடைக்குப் பேசுங்கள்.

எவ்வளவு தடித்த ஸ்பிரிங் போட்டாலும், கதவோரம் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள மொத்த எடை வரம்பு மாறாது. பல எஃப்-250களில் அது 10,000 பவுண்டு, சுமார் 4,536 கிலோ. பெரிய டயரும் கிட்டும் அந்த வரம்பிலிருந்தே எடுத்துக்கொள்வதால் சுமக்கக்கூடிய பாரம் குறையத்தான் செய்யும். டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் உயர்ந்துவிட்டதால் கீழிறங்கிய ஹிட்ச் வேண்டும். இல்லையென்றால் டிரெய்லரின் மூக்கு தூக்கி, அதன் பின் ஆக்ஸில் அதிகம் சுமக்கும். ஈர்ப்பு மையம் மேலே போவதால் வளைவில் சாய்வதும் கூடும்.

டயரின் கணக்கையும் பாருங்கள். 32 இன்ச்சிலிருந்து 37க்குப் போனால் சுற்றளவு ஏறக்குறைய 15.6 சதவீதம் கூடுகிறது. 3.73 விகித ஆக்ஸில் கியர் (சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் 3.73 முறை சுற்றும்) 3.23 போட்டது போல் சோர்ந்துவிடும். பழைய இழுவை வேண்டுமென்றால் 4.30 கியர் வேண்டும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நிஜ வேகம் 115 தாண்டியிருக்கும், கம்ப்யூட்டரில் டயர் அளவை மாற்றும் வரை.

இந்தியாவில் வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களோடு ஆர்.சி. முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பொலேரோவில் முயன்றுபார்க்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். அமெரிக்காவிலும் பல மாநிலங்கள் பம்பர் உயரத்துக்கு வரம்பு வைத்திருக்கின்றன.

மாட்டும் நாள்

தொடங்கும் முன் நான்கு சக்கரத்திலும் ஹப்பின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து, அந்தந்த ஃபெண்டரிலேயே டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் கணக்கில் கலந்துவிடும். வேலை முடிந்ததும் எத்தனை இன்ச் நிஜமாகக் கிடைத்தது என்று இந்த அளவுதான் சொல்லும்.

ஜாக் ஸ்டாண்டு சேசிஸின் அடியில், ஜாக்கி ஆக்ஸிலின் அடியில். ஆக்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும்போது ரேடியஸ் ஆர்ம், பான்ஹார்டு ராடு போல்ட்டுகளைக் கையால் மட்டும் பிடிமானம் கொடுத்து வையுங்கள். ரப்பர் புஷ் தன்னை இறுக்கிய கோணத்தையே தன் ஓய்வு நிலையாக எடுத்துக்கொள்ளும். தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கியே இருக்கும். சீக்கிரம் கிழியும், உயரமும் தப்பாகக் காட்டும். சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, பம்பரில் ஏறி நாலைந்து முறை குலுக்கி, அதன் பிறகு குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சை எடுங்கள். ஒவ்வொரு பக்கமும் யூ போல்ட் நட் நான்கையும் குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

அப்புறம் வீல் அலைன்மென்ட். டிராக் லிங்கின் நடு ஸ்லீவைத் திருகி ஸ்டீயரிங் வீலை நேராக்குவதும் இதில் அடக்கம். வீல் கோணலாக இருப்பது கண்ணுக்கு மட்டும் உறுத்தும் விஷயம் என்று விட்டுவிடாதீர்கள்: வண்டி நேராகப் போகும்போது நீங்கள் திருப்புவதாக ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் நினைத்துக்கொண்டு, தேவையில்லாத நேரத்தில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடலாம். காஸ்டர் எத்தனை டிகிரி என்று அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். ‘எல்லாம் சரியா இருக்கு’ என்ற வாய்வார்த்தை போதாது.

800 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட், பான்ஹார்டு ராடு, பிட்மேன் ஆர்ம் நட், வீல் நட் எல்லாவற்றிலும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைக்க வேண்டும். பிளாக்கும் பட்டைகளும் அதற்குள் ஒன்றோடொன்று அழுந்தி உட்கார்ந்திருக்கும்; யூ போல்ட்டில் கால் சுற்று அரைச் சுற்று கிடைத்தால் பயப்பட ஒன்றுமில்லை. அதற்கடுத்த முறையும் கிடைத்தால் இறுக்குவதை நிறுத்திவிட்டு, சென்டர் போல்ட் ஓட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள்.